இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைக் கணினி இல்லாமல், வெறும் மின்னணுச் சுற்றினால் கணக்கிட முடியுமா?

முடியும். இதற்கான சமன்பாட்டில் மடக்கை வருவதால் எளிய சுற்றுக்கு அது கைகூடாது என்று நீங்கள் ஐயுறலாம். உண்மையில் அந்த மடக்கைதான் வேலையை எளிதாக்குகிறது.

அந்தச் சமநிலையைக் கணக்கிடும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் மூன்று அளவுகள் உள்ளன: அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச், இரத்தத்திலுள்ள காரப் பொருளான பைகார்பனேட்டின் செறிவு, கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம். பைகார்பனேட்டை அழுத்தத்தின் 0.03 மடங்கால் வகுத்து, அந்த ஈவின் மடக்கையோடு 6.1ஐக் கூட்டினால் பிஎச் கிடைக்கும். பிஎச்சையும் அழுத்தத்தையும் மின்முனைகள் அளந்துவிடுகின்றன. பைகார்பனேட்டைத்தான் நாம் கணக்கிட்டுப் பெற வேண்டும். கண்ணாடி மின்முனை 37 பாகை செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 61.5 மில்லிவோல்ட் தருகிறது. 1950களில் ஸ்டோவ் என்ற ஆய்வாளர் முன்மொழிந்து செவரிங்ஹாஸ் என்ற ஆய்வாளர் செம்மைப்படுத்திய கார்பன் டை ஆக்சைடு மின்முனையும், மெல்லிய சவ்வுக்குப் பின்னே பைகார்பனேட் கரைசலில் அமர்ந்திருக்கும் இன்னொரு பிஎச் மின்முனையே. ஆகவே அதன் மின்னழுத்தமும் மடக்கையாகவே வந்து சேர்கிறது. இரண்டையும் உரிய குறியோடு ஆப்-ஆம்ப் என்னும் மின்னழுத்தப் பெருக்கிச் சில்லில் கூட்டி மாறிலியைச் சேர்த்தால், பைகார்பனேட்டின் மடக்கை கிடைத்துவிடும். எதிர்மடக்கை எடுப்பதே மீதி வேலை.

அதை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. அதன் அடிவாய்க்கும் (base) உமிழ்ப்பானுக்கும் (emitter) இடையிலான மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் கூடும்போது அதன் ஏற்பான் (collector) மின்னோட்டம் பத்து மடங்காகிறது. இந்த எண் 61.5க்கு இவ்வளவு அருகில் இருப்பது தற்செயல் அன்று. கரைசலில் அயனிகளையும் சிலிக்கனில் எலக்ட்ரான்களையும் ஆள்வது ஒரே வெப்ப மின்னழுத்தம்; டிரான்சிஸ்டரையும் 37 பாகையில் வைத்தால் அதற்கும் 61.5 மில்லிவோல்ட்தான். இதைப் புரிந்துகொண்ட நாளின் மகிழ்ச்சி இன்றும் என்னிடம் இருக்கிறது.

தொல்லை வேறிடத்தில் வரும். டிரான்சிஸ்டரின் வெப்ப நகர்வை ஈடுசெய்ய அதன் சோடியாக இன்னொன்றும் தேவை. சோதனைப் பலகையில் இரண்டு தனித்தனி டிரான்சிஸ்டர்களை இப்படிச் சோடியாகப் பயன்படுத்தியபோது, அவற்றில் ஒன்றை விரலால் தொட்டாலே விடை நகர்வதைக் கண்டேன். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு பாகை வேறுபட்டால் சுமார் 2 மில்லிவோல்ட் பிழை நேர்கிறது. அது லிட்டருக்கு 24 மில்லிமோல் என்று காட்ட வேண்டிய பைகார்பனேட்டை 26க்கு, அதாவது இயல்பு நிலையின் மேல் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே ஒரே சில்லில் அமைந்த ஒத்த பண்புள்ள டிரான்சிஸ்டர் சோடியையே பயன்படுத்துங்கள். கண்ணாடி மின்முனையின் மின்தடை பல நூறு மெகா ஓம் என்பதால், முதல் ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டு மின்னோட்டம் ஒரு பிக்கோ ஆம்பியர் அளவுக்குள் இருக்க வேண்டும். ஒரு நானோ ஆம்பியர் ஓடினாலே அரை வோல்ட் வரை பிழை நேரக்கூடும்.

பைகார்பனேட் கிடைத்த பிறகு கார மிகையை (base excess), அதாவது இரத்தத்தில் காரம் இயல்பைவிட எவ்வளவு கூடியோ குறைந்தோ உள்ளது என்பதைக் கணிக்க இன்னொரு கூட்டல் சுற்று போதும், ஏனெனில் அதற்கான எளிய வாய்பாடு பைகார்பனேட்டிலும் பிஎச்சிலும் நேர்கோட்டுத் தன்மை உடையது.

இது கற்பதற்கான சுற்று. நோயாளியின் சிகிச்சையை இதன் விடையைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. மின்முனைகளை இணைக்கும் முன், அவற்றுக்குப் பதிலாக நிலையான மின்னழுத்தங்களைக் கொடுத்துச் சோதியுங்கள்: பிஎச் 7.40, அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் எனில் லிட்டருக்கு 23.9 மில்லிமோலும், அதே அழுத்தத்தில் பிஎச் 7.20 எனில் 15.1 மில்லிமோலும் வர வேண்டும்.