ஒளி அலையா, துகளா? கிட் வேண்டாம், ஒரு தலைமுடி போதும்

கேள்வி: ஒளி அலையாகவும் துகளாகவும் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளின் செய்முறைத் திட்டம் இதுதான். லேசர் ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விடும் இரட்டைப் பிளவு கிட் ஒன்று வாங்கினோம். சுவரில் மங்கலான சிவப்புத் தீற்றல்தான் விழுகிறது. இன்னும் விலை கூடிய கிட் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 'அலை-துகள் இருமையை நிரூபிக்கும்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பது சுத்த ஏமாற்று. லேசரும் பிளவும் காட்டுவது அலைத்தன்மையை மட்டுமே. துகள் பக்கம் பேச ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவது, வேண்டும். அது வேறு கருவி, வேறு திட்டம். தலைப்பிலிருந்து 'துகள்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

பிளவே தேவையில்லை. தாமஸ் யங் 1803-இல் சூரியக் கதிரின் குறுக்கே ஒரு மெல்லிய அட்டைத் துண்டை நிறுத்தித்தான், அலைக்கு அடையாளமான, ஒளியும் இருளும் மாறி மாறி விழும் பட்டைகளைக் காட்டினார். உங்கள் மகள் லேசரின் குறுக்கே ஒரு தலைமுடியை இழுத்து ஒட்டட்டும். 3 மீட்டர் தள்ளி, இருட்டறைச் சுவரில் பட்டைகள் தெளிவாக விழும். நடுவிலுள்ள பெரிய வெளிச்சத்தை விட்டுவிட்டு, ஒரே பக்கத்து இருள் பட்டைகளின் இடைவெளியை அளக்க வேண்டும். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், இடைவெளி 26 மி.மீ. என்றால், அலைநீளத்தைச் சுவரின் தொலைவால் பெருக்கி இடைவெளியால் வகுக்க, முடியின் தடிமன் 0.075 மி.மீ.

அந்த 650 லேபிளில் உள்ள எண். மலிவு லேசரின் லேபிளை நம்பாதீர்கள். ஒரு சிடியை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். சிடியின் தடங்கள் 1600 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அட்டையில் துளையிட்டு, அதன் வழியே சிடிமேல் நேர்க்குத்தாக லேசரை விழவிட்டால், துளைக்கு இருபுறமும் புள்ளிகள் திரும்பி விழும். இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அட்டை 30 செ.மீ. தொலைவில், புள்ளி 13.3 செ.மீ. விலகி இருக்கிறது என்று வையுங்கள். 13.3-ஐ 30-ஆல் வகுத்து, தட இடைவெளியான 1600-ஆல் பெருக்கினால் அலைநீளம் 709 நானோமீட்டர் என்று வரும். தப்பு. கோணம் பெரிது, சிடியிலிருந்து புள்ளிவரை சாய்வாக அளந்த 32.8 செ.மீ.-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 650-ஐ ஒட்டி வரும். முடிக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே கோணம் மிகச் சிறியது.

மலிவான பச்சை லேசர் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் அதிலிருந்து கசியலாம். சிவப்பு, 1 மில்லிவாட்டுக்குள். சிடி கண்ணாடி மாதிரி, அதில் எதிரொளிக்கும் கதிர் யார் கண்ணிலும் படக்கூடாது.

நடுவர்கள் 'இதில் புதுசா என்ன?' என்பார்கள். தெர்மாகோலும் மினுக்கும் விளக்கும் வைத்தவருக்கு மதிப்பெண் போட்டுப் பழகியவர்கள். அளவுகளைத் தேதியுடன் எழுதிய நோட்டை நீட்டச் சொல்லுங்கள். அதே முடியைத் திருகு அளவியிலும் (ஸ்க்ரூ கேஜ்) அளந்து பக்கத்தில் எழுதட்டும். பள்ளி ஆய்வக பீரோவுக்குள் ஒன்று கிடக்கும். சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆகும், இன்றே கேட்டு வையுங்கள்.