பி.ஆர். இன்டர்ன்ஷிப்: கட்டிங் ஒட்டுகிற வேலையில் என்ன இருக்கிறது?

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். சென்னையில் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப். ஐந்து வாரம் ஓடிவிட்டது. காலையில் பேப்பர் பார்த்து கிளையன்ட் பெயர் வந்த செய்திகளை வெட்டி ஸ்கேன் செய்வது, ரிப்போர்ட்டர்களின் போன் நம்பர்களைச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் வேலை. ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் முடிந்துவிடுமோ?
- வாசகி, திருவள்ளூர்

பதில்: நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் வெட்டுகிற செய்தியையும், அதற்காக உங்கள் ஆபீஸ் அனுப்பிய பிரஸ் ரிலீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "முன்னணி நிறுவனமான... மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறது" என்று நாம் ஆரம்பித்திருப்போம். பேப்பரில் அந்த வரியே இருக்காது. "தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச கண் பரிசோதனை முகாம் நடக்கிறது" என்று நேராக விஷயத்துக்கு வந்திருப்பார்கள். எம்.டி.யின் மூன்று பத்திப் பேச்சு ஒரு வரியாகியிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். எந்த வரி விழுந்தது, எது தப்பித்தது என்று பத்து நாள் குறித்து வைத்தால் போதும், ஒரு உதவி ஆசிரியர் நம் ரிலீஸை எப்படிப் படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை, கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

நம்பர் லிஸ்ட்டும் அப்படித்தான். போன வருஷம் மருத்துவச் செய்தி பார்த்தவர் இந்த வருஷம் கோர்ட் பீட்டுக்குப் போயிருப்பார். அவருக்கு நாம் சர்க்கரை நோய் முகாம் ரிலீஸை அனுப்பிக்கொண்டே இருந்தால், நம் மெயிலைத் திறக்காமல் அழிக்கப் பழகிவிடுவார். சரிபார்க்கப் போன் செய்யும்போது பெயரைத் தமிழில் எப்படி எழுதுவார், இனிஷியல் என்ன, எந்த நேரத்தில் பேசினால் தொந்தரவு இருக்காது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் முடிக்கிற நேரத்தில் கூப்பிட்டு "சார், மெயில் வந்துச்சா?" என்று கேட்பதுபோல எரிச்சல் மூட்டுகிற விஷயம் வேறில்லை.

என் இன்டர்ன்ஷிப்பில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது. ஒரு கண் மருத்துவமனையின் இலவச முகாமுக்கு ரிலீஸ் எழுதினேன். "14ஆம் தேதி சனிக்கிழமை" என்று போட்டேன். 14 அன்று ஞாயிறு. யாரும் கவனிக்கவில்லை, ரிலீஸ் போய்விட்டது. ஒரு பேப்பர் தேதியை விட்டுவிட்டு "சனிக்கிழமை" என்று மட்டும் போட்டது. சனிக்கிழமை காலை, முகாம் நடக்க வேண்டிய பள்ளியின் வாட்ச்மேன் போன் செய்தார். வயசான ஒரு கணவனும் மனைவியும் இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டின கேட் முன்னால் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அந்த அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. மருத்துவமனையில் பேசி அன்றைக்கே வண்டி அனுப்பிப் பார்க்க வைத்தோம், அது வேறு விஷயம். அவர்களைப்போல வந்து பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம்கூடச் சொல்லாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. அன்றிலிருந்து காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படிக்காமல் ஒரு ரிலீஸையும் நான் அனுப்பியதில்லை.

அப்புறம், மீதி மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 2015 ஜூன் முதல் நவம்பர் வரையிலான நாளிதழ்களைக் கேட்டு, மேகி நூடுல்ஸ் செய்திகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஜூனில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொன்னது, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. அந்த ஐந்தாறு மாதத்தில் கம்பெனி தரப்பு வரி செய்தியில் எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். வெட்டி ஒட்டிப் பழகின கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: சீனியர் இல்லாத நேரத்தில் மாலை ஆறரை மணிக்கு ஒரு ரிப்போர்ட்டர் போன் செய்து, கிளையன்ட்டின் புதிய யூனிட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "ஐநூறு பேர் இருக்கும் சார்" என்றேன். மறுநாள் அதுவே தலைப்பு. உண்மையில் 150 பேர். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: பேசாமல் இருக்காதீர்கள். சீனியரை வைத்துக்கொண்டு அந்த ரிப்போர்ட்டரை இன்றைக்கே கூப்பிட்டு, "எண்ணைத் தப்பாகச் சொன்னது நான்தான்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படுவார், படட்டும். நீங்கள் சொன்னதை நம்பித் தன் பெயரை வைத்து எழுதியவர் அவர். திருத்தம் வர வேண்டும், ஏனென்றால் அந்த ஐநூறைப் படித்துவிட்டு பயோடேட்டாவோடு கிளம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனிமேல் இப்படிக் கேட்டால்: "எனக்குத் தெரியவில்லை சார், விசாரித்துச் சொல்கிறேன், உங்களுக்கு எத்தனை மணிக்குள் வேண்டும்?" அவர் ஏழரை என்றால், விடை கிடைக்காவிட்டாலும் ஏழரைக்கு முன்னால் கூப்பிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். பலரும் தவறுவது இந்த இரண்டாவது போனில்தான்.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ, அமெரிக்காவில் 1906இல் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். நாங்கள் தருவது செய்தி, விளம்பரம் அல்ல. சொல்வதைச் சரிபார்க்க எந்த ஆசிரியர் கேட்டாலும் உதவுவோம் என்பது அதன் சாரம். அதே வருஷம் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடி மறைக்கிற வழக்கத்தை விட்டு ரயில்வே கம்பெனியை வெளிப்படையாகப் பேச வைத்தார். அவருடைய பிற்கால வேலைகள் மேல் நிறைய விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சரிபார்க்க உதவுவோம் என்கிற அந்த ஒரு வரியை என்னால் விட முடியவில்லை.

கேள்வி: ஆங்கில ரிலீஸைத் தமிழாக்கும் வேலையை என்னிடம் தருகிறார்கள். படித்தால் எனக்கே புரியவில்லை!
- வாசகி, கோவை

பதில்: மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கிலத்தை ஒருமுறை படித்து மூடி வைத்துவிட்டு, யார், எங்கே, என்றைக்கு, யாருக்கு என்ன லாபம் என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்வதுபோல எழுதுங்கள். பெயர்களையும் எண்களையும் மட்டும் மறுபடி திறந்து சரிபாருங்கள்.

கேள்வி: பிரஸ் மீட்டில் ரிப்போர்ட்டர்களுக்குப் பணக் கவர் கொடுக்கும் வேலையை இன்டர்னான என் தலையில் கட்டுகிறார்கள். மறுத்தால் சர்டிபிகேட் கிடைக்காதோ?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கொடுக்காதீர்கள். அது லஞ்சம், வேறு பெயர் வேண்டாம். கவரை வாங்காமல் குறிப்பெடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற நிருபர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும், கவரை நீட்டுவதே அவர்களுக்கு அவமானம். "ரிஜிஸ்ட்ரேஷன் டேபிளை நான் பார்த்துக்கொள்கிறேன், இது மட்டும் வேண்டாம் மேடம்" என்று தனியாகக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லுங்கள். அன்றே உங்கள் துறைத் தலைவரிடமும் தெரிவித்துவிடுங்கள். சர்டிபிகேட் தராவிட்டால் வேறு இடத்தில் இன்டர்ன்ஷிப்பை முடிக்கக் கல்லூரி வழி செய்ய வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.