வாசகர் கேள்வி: கண்மாய்க்கு மேலே லேசர்

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாய் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ட்ரோனில் லேசர் கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டால், மரங்களை வெட்டாமலேயே வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
- மேலூர் வாசகர்

பதில்: பாதி உண்மை. மறுபாதியையும் அறிந்த பிறகே ஊர்ப் பணத்தைச் செலவிடுங்கள்.

லிடார் எனப்படும் அந்தக் கருவி நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைத் தரையை நோக்கி அனுப்பி, ஒவ்வொன்றும் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கிறது. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ நொடியில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். அது போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், ஒரு நானோ நொடி வித்தியாசம் 15 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தைக் காட்டும். ஒரே துடிப்பின் ஒரு பகுதி கருவேலங்கிளையில் பட்டு முதலில் திரும்பிவிட, இடுக்கில் புகுந்த மிச்சம் தரையைத் தொட்டுச் சற்றே பிந்தி வந்து சேரும். பிந்தி வந்தவற்றை மட்டும் கணினியில் பிரித்தெடுத்தால், மரங்களை நீக்கிய தரையின் வடிவம் கிடைத்துவிடும். 2009-இல் நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், அடர்காடு மூடிய காரக்கோல் என்னும் மாயா நகரைச் சுற்றிச் சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த படிக்கட்டு வயல்களையும் பாதைகளையும் இப்படித்தான் வெளிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் லேசர் மண்ணுக்குள் புகாது. வண்டலின் மேற்பரப்பு தெரியுமே தவிர, அதன் கனம் தெரியாது. மிகுநீர் வழிந்தோடும் கலுங்கின் மட்டம் வரை நீர் நின்றால் கண்மாய் இன்று எவ்வளவு கொள்ளும் என்பதை அந்த வரைபடத்திலிருந்து கணக்கிட்டு, பழைய பதிவேட்டில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிட்டால்தான் இழப்பு தெரியவரும். மடைக்கு அருகே உள்வாய்த் தரை மடையின் அடிமட்டத்தைவிட உயர்ந்திருந்தால், அங்கே வண்டல் ஏறியிருப்பது உறுதி. மற்ற இடங்களில் ஆங்காங்கே குழி தோண்டிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை என்பதே என் கருத்து.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். இக்கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிவிடும். பச்சை லேசர் நீருக்குள் இறங்கும் என்றாலும், நம் கண்மாய்களின் கலங்கல் நீரில் அதுவும் வெகுதூரம் போகாது.

கேள்வி: கர்னூலில் லேசரால் ட்ரோனை வீழ்த்தினார்களாமே? அளக்கிற அதே ஒளி எப்படி எரிக்கிறது?
- திருமங்கலம் வாசகி

பதில்: பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, 2025 ஏப்ரல் 13 அன்று ஆந்திர மாநிலம் கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டியது. 30 கிலோவாட் என்பது வீட்டில் வெந்நீர் போடும் 2 கிலோவாட் கீசர்கள் பதினைந்தின் திறன்தான். அவ்வளவையும் சிறிய ஒரு புள்ளியில் குவித்து, பறக்கும் இலக்கின் அதே இடத்தில் சில நொடிகள் விலகாமல் நிறுத்துவதில்தான் அருமை இருக்கிறது. அங்கே வெப்பம் ஏறி உடல் உருகும் அல்லது கேமரா குருடாகும். இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கதிரை அங்கே குவிக்க முடியும் என்பதால், எரிக்கிற லேசருக்கு அளக்கிற லேசரின் துணை தேவைப்படுகிறது. மூடுபனியும் புழுதியும் கதிரைச் சிதறடிக்கும். கதிர் செல்லும் வழியில் சூடேறும் காற்றே ஒரு வில்லைபோல அதை விரித்துவிடுவதும் உண்டு. நேர்கோட்டில் மட்டுமே செல்வதால், யானைமலைக்குப் பின்னால் இருக்கும் ட்ரோனை ஒத்தக்கடையில் இருந்து தொட முடியாது.

கேள்வி: திருவிழாவில் வாங்கிய பச்சை லேசர் விளக்கைப் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடுகிறார்கள். ஆபத்தா?
- அவனியாபுரம் வாசகர்

பதில்: ஆபத்துதான், இன்றே பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். மலிவான பச்சை லேசர்கள் பலவற்றில் அகச்சிவப்பு ஒளியை மாற்றித்தான் பச்சை ஒளி பெறப்படுகிறது. உள்ளே வடிகட்டி இல்லையென்றால் மிச்ச அகச்சிவப்பும் சேர்ந்தே வெளிவரும். பச்சை ஒளி கூசினால் கண் தானே மூடிக்கொள்ளும். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் மூடாது, ஆனால் விழித்திரையில் குவிந்து சுட்டுவிடும். விழித்திரையில் விழுந்த தழும்பு மாறுவது அரிது. போரில்கூட, நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களை 1995-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் தடை செய்திருக்கிறது. நீங்கள் விமான நிலையத்தின் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள். இறங்கும் விமானத்தை நோக்கி அதை ஒருபோதும் அடிக்க விடாதீர்கள், விமானியின் அறைக் கண்ணாடி முழுவதும் அந்த ஒளி பரவி ஓடுபாதையை மறைத்துவிடும்.