வாசகர் கேள்வி - பதில்: ஸ்பானிங் ட்ரீ டைமர்களை எந்த சுவிட்சில் மாற்றுவது?

கேள்வி: உபரி இணைப்புகளை அடைத்துவைத்து லூப் (தகவல் முடிவின்றிச் சுற்றும் வளையம்) உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறை இயங்கும் எங்கள் நெட்வொர்க்கில், எங்கோ ஓர் இணைப்பு அறுந்தால், மாற்றுப் பாதை திறக்கச் சில நேரங்களில் 50 வினாடிகள் ஆகின்றன. மூன்றாம் தளத்து சுவிட்சில் ஃபார்வர்ட் டிலேயை (போர்ட் திறக்கும் முன் ஒவ்வொரு நிலையிலும் காத்திருக்கும் நேரம்) 15 வினாடிகளிலிருந்து 7 ஆகக் குறைத்தும் பலனில்லை. காரணம் என்ன?

பதில்: ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை சுவிட்ச்) அல்லாத சுவிட்சில் மாற்றியிருக்கிறீர்கள் என்பதே காரணம். ஹலோ டைம் (செய்திகளுக்கு இடையிலான நேரம்), மேக்ஸ் ஏஜ் (வந்த செய்தி காலாவதியாகும் நேரம்), ஃபார்வர்ட் டிலே ஆகிய மூன்றும் ரூட் சுவிட்ச் அனுப்பும் பிபிடியு என்னும் ஸ்பானிங் ட்ரீ செய்திக்குள்ளேயே வருகின்றன. மற்ற சுவிட்சுகள் தம்மிடம் பதிந்துள்ள எண்களை ஒதுக்கிவிட்டு அவற்றையே பின்பற்றும். சிஸ்கோ சுவிட்ச் எனில் ஸ்பானிங் ட்ரீ நிலையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ரூட் ஐடி பகுதியில் 15 என்றும், அதன் கீழே பிரிட்ஜ் ஐடி பகுதியில் 7 என்றும் இருக்கும். நடைமுறையில் இருப்பது மேலே உள்ள எண்தான். கீழே உள்ளது அந்த சுவிட்ச் ரூட்டாக மாறினால் மட்டுமே செல்லுபடியாகும்.

அப்படி ஆகாதிருப்பதே நல்லது. ஃபார்வர்ட் டிலேயிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் வரும் எண், மேக்ஸ் ஏஜைவிடக் குறையக் கூடாது என்பது ஸ்பானிங் ட்ரீக்கான 802.1டி தரநிலையின் விதி. மேக்ஸ் ஏஜ் 20 ஆக இருக்கையில் ஃபார்வர்ட் டிலேயை 11-க்குக் கீழே இறக்க முடியாது. உங்கள் 7 இந்த விதியை மீறுகிறது. ஈதர்நெட் ஃபிரேமில் (நெட்வொர்க்கில் செல்லும் தகவல் பொட்டலம்) ஆயுள் வரம்பு எதுவும் கிடையாது என்பதால், பழைய தகவல் முழுதும் காலாவதியாகும் முன்பே ஒரு போர்ட் திறந்துவிட்டால், லூப்பில் சிக்கிய பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பப்படும்) ஃபிரேம்கள் சுற்றிக்கொண்டே இருந்து நெட்வொர்க்கை முடக்கிவிடும்.

அந்த 50 வினாடிகளின் கணக்கு இது: பழைய பிபிடியு காலாவதியாக 20, லிசனிங் (பிபிடியுவை மட்டும் கவனிக்கும்) நிலையில் 15, லேர்னிங் (முகவரிகளைக் கற்கும்) நிலையில் 15. அறுந்தது அந்த சுவிட்சின் சொந்த இணைப்பே என்றால் முதல் 20 தேவைப்படாது, 30-இல் முடிந்துவிடும். இந்த இயல்பு மதிப்புகள், எந்த இரு முனைகளுக்கும் இடையே அதிகபட்சம் ஏழு சுவிட்சுகள் என்னும் அனுமானத்தில் கணக்கிடப்பட்டவை. விட்டம் எனப்படும் இந்த எண்ணிக்கை உங்கள் நெட்வொர்க்கில் நான்குதான் என்றால், ஹலோ 2 ஆகவே இருக்க, மேக்ஸ் ஏஜ் 14, ஃபார்வர்ட் டிலே 10 என இறங்கி, மொத்தக் காத்திருப்பு 34 வினாடிகளாகும். எண்களைத் தனித்தனியே கையால் தட்டுவதைவிட, ரூட் ஆக்கும் கட்டளையோடு விட்டத்தையும் சேர்த்துக் கொடுத்து, கணக்கை சுவிட்சிடமே விட்டுவிடுவது பாதுகாப்பானது. மாற்று ரூட்டாக வைத்திருக்கும் சுவிட்சிலும் இதே மதிப்புகள் இருக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். விட்டத்தை எண்ணும்போது, ஓர் இணைப்பு அறுந்த பின் உருவாகும் நீண்ட சுற்றுப்பாதையையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கணினியை இயக்கியதும் டிஹெச்சிபி முகவரி (நெட்வொர்க் தானாக வழங்கும் ஐபி முகவரி) கிடைப்பதில்லை, சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றால் கிடைக்கிறது. டைமரைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். போர்ட் 30 வினாடிகள் அடைபட்டிருக்கும்போதே கணினி கேட்டுக் களைத்துவிடுகிறது. கணினி மட்டுமே இணைந்துள்ள போர்ட்டுகளில் காத்திருக்காமல் உடனே போர்ட்டைத் திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் வசதியை இயக்குங்கள். கூடவே பிபிடியு கார்டையும் இயக்கினால், யாரேனும் அங்கே ஒரு சுவிட்சைச் செருகி அதிலிருந்து பிபிடியு வந்தவுடன் போர்ட் மூடப்படும்.

கேள்வி: ரேபிட் ஸ்பானிங் ட்ரீக்கு மாறினால் இந்த டைமர்கள் தேவைப்படுமா?

பதில்: டைமரைச் சீர்செய்வதில் செலவிடும் உழைப்பை இந்த மாற்றத்தில் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. 2001-இல் 802.1டபிள்யூ என வெளியான இம்முறையில், அண்டை சுவிட்சுகள் தமக்குள் கேட்டு ஒப்புக்கொண்டு போர்ட்டைத் திறப்பதால், பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் பாதை மாறிவிடும். இணைப்பு அறுபடாமல் பிபிடியு மட்டும் நின்றுபோனால், மூன்று ஹலோ, அதாவது 6 வினாடிகளில் பழைய தகவல் கைவிடப்படும். ஃபார்வர்ட் டிலே அங்கேயும் ஒழிந்துவிடவில்லை: பழைய முறையில் பேசும் சுவிட்ச் எதிரே இருந்தாலோ, இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தகவல் செல்லும் நிலை) இறங்கியிருந்தாலோ, அந்த போர்ட் மீண்டும் 15, 15 எனக் காத்திருக்கும். ஆகவே மாறிய பிறகும் மெதுவாகவே திறக்கும் போர்ட் இருந்தால், முதலில் அதன் டூப்ளெக்ஸ் நிலையைப் பாருங்கள்.