கேள்வி – பதில்: தண்ணீரும் பனியும் மூட்டமும் கலையாகும்போது

கேள்வி: ஓடை, அருவி எடுத்தால் ஒன்று பால் ஊற்றியதுபோல வழவழவென்று வருகிறது, இல்லாவிட்டால் துளித்துளியாக உறைந்து நிற்கிறது. தண்ணீர் தண்ணீராகவே தெரிய எந்த ஷட்டர் வேகம் வைக்க வேண்டும்?

பதில்: எல்லா நீருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் படச் சட்டத்தின் குறுக்கே எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் 24 மி.மீ. லென்ஸில் தூரத்திலிருந்து எடுக்கும் அருவிக்கு அரை நொடி சரியாக இருந்தால், அதே அருவியின் ஒரு பகுதியை 100 மி.மீ. லென்ஸில் நெருக்கி எடுக்க ஏறக்குறைய 1/8 நொடி போதும். தொடக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: நிதானமான ஓடைக்கு 1/4 முதல் 1 நொடி, வேகமாக விழும் அருவிக்கு 1/15 முதல் 1/4, தெறிக்கும் துளி உறைய 1/2000. இடையில் 1/60, 1/125 பக்கம் நின்றால் பெரும்பாலும் இரண்டுங்கெட்டானாகத்தான் வரும். கை நடுங்கியதோ என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார். கடற்கரையில் அலை ஏறும்போது எடுப்பதைவிட, அது திரும்பி வடியத் தொடங்கும்போது அரை முதல் 1 நொடி வைத்து அழுத்தினால் நுரைக்கோடுகள் தெளிவாக விழும்.

நுரையின் வெண்மை எளிதில் எரிந்துபோகும். நீண்ட நேரத்தில் ஒரே இடத்தில் வெளிச்சம் குவிவதால் மீட்டர் சொல்வதைவிட 2/3 முதல் 1 ஸ்டாப் (1 ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வையுங்கள். கரையோரத்து இலைகள் காற்றில் கலங்கினால், அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றி வேகமான ஷட்டரில் இன்னொரு படம் எடுத்து, இலைப் பகுதியை மட்டும் அதிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

பால் போன்ற நீர் தவறில்லை. ஆனால் 30 நொடி வைத்தாலே கலை என்ற எண்ணத்தில் ஒரே மாதிரிப் படங்கள் குவிந்துகிடக்கின்றன. நீரோட்டத்தின் நரம்புகள் தெரியும் அரை நொடிப் படம் பல நேரம் அதைவிட அதிகம் பேசும்.

கேள்வி: ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வாங்கினேன். படம் கலங்கலாகவும், பழுப்பு நிறம் ஏறியும் வருகிறது. ஃபில்டர் மோசமா?

பதில்: நிறத்துக்கு ஃபில்டர் காரணமாக இருக்கலாம், கலங்கலுக்கு அநேகமாக இல்லை. வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் ஃபில்டர் இல்லாமல் சட்டம் அமைத்து, ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தை அளந்த பிறகுதான் ஃபில்டரை மாட்ட வேண்டும். 10 ஸ்டாப் என்றால் நேரம் சுமார் 1000 மடங்கு: 1/60 நொடி 17 நொடியாகும், 1/15 நொடி 68 நொடியாகும். 30 நொடியைத் தாண்டினால் பெரும்பாலான கேமராக்களில் பல்ப் முறையும் (வேண்டும்வரை ஷட்டரைத் திறந்துவைப்பது) ரிமோட்டும் தேவை.

முக்காலியில் வைத்தபின், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். அசைவே இல்லாதபோதும் அசைவைத் தேடி அது படத்தைக் கலைத்துவிடலாம். ஈர மணலில் முக்காலிக் கால்களை அழுத்தி இறுக்காவிட்டால், ஒவ்வொரு அலையும் அடிமணலை அரித்துக்கொண்டு போக, படம் முடிவதற்குள் கேமரா ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். கண்ணாடி மடங்கும் வகைக் கேமராவில் வியூஃபைண்டர் வழியாக ஒளி புகுந்து கறை உண்டாக்கும். அதை மூட வேண்டும். ஒளி கூடுதலாக இருக்கிறதே என்று லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/22க்குப் போகாதீர்கள். சிறிய துளையில் ஒளி சிதறிப் பரவும் டிஃப்ராக்ஷன் கூர்மையைத் தின்றுவிடும். எஃப்/8, எஃப்/11இல் நின்றுவிடுங்கள்.

பழுப்பு ஏறுவதற்குக் காரணம், சில ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை. கேமரா மெருகேற்றாத ரா கோப்பில் எடுத்து, ஃபில்டர் வழியாகவே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து வெள்ளைச் சமநிலை வைத்தால் பெரும்பகுதி சரியாகும்.

ஃபில்டரே இல்லாமலும் வழி உண்டு. 1/4 நொடியில் 16 படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, மென்பொருளில் அடுக்குகளின் சராசரி எடுத்தால் 4 நொடிப் படத்துக்கு ஈடாகும். படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சலும் குறையும் என்பது உபரி லாபம்.

கேள்வி: பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுதாகத் திருகினால் குளத்தின் அடிக்கல் வரை தெரிகிறது, ஆனால் படம் செத்துப்போகிறது. ஏன்?

பதில்: பிரதிபலிப்பு போய்விட்டால் கண்ணுக்கு அது நீரே இல்லை. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது போலரைசர் பிரதிபலிப்பை ஏறக்குறைய முழுதாகத் துடைக்கும். அதைவிடச் செங்குத்தாகவோ தாழ்வாகவோ பார்த்தால் பலன் குறையும். முழுதாகத் துடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சுமார் 45 பாகை பின்னால் திருப்புங்கள். அடிக்கல் பாதியும் வானம் பாதியுமாகத் தெரியும் அந்த நிலைதான் பெரும்பாலும் வேண்டியது. ஒன்றரை முதல் 2 ஸ்டாப் ஒளி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோவின் கடல் படங்களில் பாதி வானம், பாதி கடல், வேறொன்றுமில்லை. இதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே?

பதில்: எடுத்துப் பாருங்கள், சிக்கல் உடனே தெரியும். 6000 பிக்சல் அகலப் படத்தில் அரைப் பாகை சாய்ந்தால் தொடுவானம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 52 பிக்சல் இறங்கிவிடும். வேறு எதுவும் இல்லாத படத்தில் அது ஊருக்கே தெரியும். தொடுவானம் நடுக்கோட்டிலிருந்து விலகினால் லென்ஸின் வளைவுக் குறை அதை வில்லாக்கும். மிகச் சரியாக நடுவில் வைத்தால் மட்டும் அந்தக் குறை கோட்டை வளைக்காது. படகோ பறவையோ கரையோ சட்டத்துக்குள் வரக்கூடாது என்பதற்காகவே உயரமான இடம் தேட வேண்டியிருக்கும்.

அவர் 1980இல் தொடங்கிய வரிசை அது. 8க்கு 10 அங்குலத் தனித்தாள் ஃபிலிமில் கருப்பு வெள்ளை. தலைப்பில் கடலின் பெயர், இடம், ஆண்டு. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஒரே சட்ட அமைப்பைப் பல கடல்களில் திரும்பத் திரும்ப வைத்ததால், காற்றின் ஈரப்பதம், அலையின் நெருக்கம், தொடுவானம் கூர்மையாக நிற்கிறதா கரைகிறதா என்ற வேறுபாடுகள் மட்டுமே கண்ணில் மிஞ்சுகின்றன. பயிற்சியாகச் செய்ய விரும்பினால் லென்ஸ், கேமராவின் உயரம், தொடுவானத்தின் இடம் மூன்றையும் மாற்றாமல் வெவ்வேறு நாள்களில் 20 படம் எடுத்து ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் வழி அமெரிக்கக் கலைஞர் ரோனி ஹார்னுடையது. தேம்ஸ் நதியை எடுத்த 15 படங்கள் கொண்ட 1999ஆம் ஆண்டுத் தொகுப்பில் தொடுவானமும் இல்லை, கரையும் இல்லை. சட்டம் முழுக்க நீர்ப்பரப்பு. அதன்மேல் சின்னச் சின்ன எண்கள் சிதறிக்கிடக்கும், கீழே அவற்றுக்கு அடிக்குறிப்புகள். சுகிமோட்டோவிடம் நீர் தூரமாக விலகிப் போகிறது. இவரிடம் நீர் வாசிக்க வேண்டிய ஒன்றாகிறது.

கேள்வி: அலையையும் மழையையும் நேரடியாகத் தாளில் பதிக்கும் சயனோடைப் முறையை (வெயிலில் நீலப் படம் பதிப்பது) செய்ய ஆசை. ரசாயன அளவும், எங்கே பிசகும் என்பதும் சொல்ல முடியுமா?

பதில்: 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிக்கப் பயன்படுத்திய முறை இது. பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரில் ஒரு பாட்டிலிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை 100 மி.லி. நீரில் இன்னொரு பாட்டிலிலும் கரையுங்கள். காய்ச்சி வடித்த நீர் நல்லது. பழுப்பு பாட்டிலில் தனித்தனியாக வைத்தால் பல மாதம் தாங்கும். முதல் பாட்டிலில் பூஞ்சை படர்ந்தால் வடிகட்டிக்கொள்ளலாம். பயன்படுத்தும்போது மட்டும் சம அளவு கலக்க வேண்டும். 20க்கு 25 செ.மீ. தாளுக்கு மொத்தம் 2 மி.லி. போதும். மங்கிய மஞ்சள் விளக்கில், உலோகப் பிடி இல்லாத தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். கையுறை அவசியம். ஃபெரிசயனைடை வலுவான அமிலத்தின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

உலர்ந்த தாளில் இலையோ பாசியோ வைத்து எடுப்பது சுலபம். வலுவான வெயிலில் 5 முதல் 15 நிமிடம், மஞ்சள் கலந்த பச்சை நீலமாகி, பிறகு சாம்பலும் வெண்கலமும் கலந்த நிறத்துக்கு வரும்வரை. அலை வந்து தொடுவதில்தான் வித்தை. ஒளி படாத ரசாயனம் நீரில் கரையும். ஒளி பட்டு நீலமானது கரையாது. பூசிய தாளை உடனே நீரில் நனைத்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அதனால் முதலில் 2 அல்லது 3 நிமிடம் வெயில் காட்டி, ஒரு பங்கு நீலம் ஏறியபிறகு நீரை ஓடவிடுங்கள். நீர் ஓடிய தடத்தில் கழுவல், தேங்கிய இடத்தில் அடர்வு, மணல் ஒதுங்கிய இடத்தில் வெள்ளை என்று படம் தானே வரையும். அமெரிக்கக் கலைஞர் மெகான் ரீப்பன்ஹாஃபின் அலைப் படங்கள் இந்த வகைதான். அவற்றை முழுதாகக் கழுவி நிலைப்படுத்தாமல் விடுவதால் பிறகும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: கழுவல் நீர் குளத்திலோ ஓடையிலோ கலக்க வேண்டாம். நீரை வாளியில் எடுத்துவந்து, சாய்த்து வைத்த தட்டில் தாளின்மேல் ஊற்றினால் கிட்டத்தட்ட அதே தடங்கள் விழும்.

பிசகும் இடங்கள் இரண்டு. நீலம் வெளுத்தால் குழாய் நீர் காரமாக இருக்கலாம். முதல் கழுவலில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போடுங்கள். காரம் ஏற்றிய தாளும் இதே தொல்லை தரும். பாதுகாப்புக்கென்று விற்கப்படும் சுண்ணாம்பு கலந்த காகித உறைகள் சயனோடைப்புக்கு ஆகாது. வெள்ளைப் பகுதியில் மஞ்சள் கறை இருந்தால் கழுவியது போதவில்லை. நீர் தெளியும்வரை 10 நிமிடமாவது கழுவுங்கள். கடைசித் தட்டில் சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், நாள் கணக்கில் ஏற வேண்டிய அடர்நீலம் கண்ணெதிரே ஏறும். அது அழகுக்காக மட்டும், நிலைப்புக்கு அவசியமில்லை.

ரசாயனத்தை விட்டுவிட்டு இந்த யோசனையை மட்டும் பின்தொடர விரும்பினால் பிரிட்டிஷ் கலைஞர் சூசன் டெர்ஜஸைப் பாருங்கள். 1990களில் இங்கிலாந்தின் டா நதியில், இரவில் வண்ணப்படத் தாளை நீருக்கடியில் வைத்து, மேலிருந்து ஒரு கணம் ஃபிளாஷ் அடித்து, நீரோட்டத்தின் நிழலையே பதித்தார். கேமராவே இல்லை.

கேள்வி: அறைக்குள் கறுப்புத் தொட்டியில் நீர் நிரப்பி, சுவர் ஓவியம் அதில் தலைகீழாகத் தெரிய ஓர் இன்ஸ்டலேஷன் செய்ய நினைக்கிறோம். எவ்வளவு ஆழம் வேண்டும்?

பதில்: பிரதிபலிப்புக்கு ஆழம் தேவையே இல்லை, 2 அல்லது 3 செ.மீ. போதும். எடைதான் யோசிக்க வேண்டியது: ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. நீர் 10 கிலோ. 3க்கு 4 மீட்டர் தொட்டியில் 3 செ.மீ. என்றாலே 360 கிலோ. மாடியில் வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பலர் ஏமாறுவது கோணத்தில். நேராகக் குனிந்து பார்த்தால் நீர் திருப்பித் தருவது 2 சதவீத ஒளிதான். 160 செ.மீ. கண் உயரத்தில், 2.8 மீட்டர் தள்ளியுள்ள புள்ளியைப் பார்க்கும்போதும் சுமார் 6 சதவீதம். 9 மீட்டர் தாண்டினால்தான் மூன்றில் ஒரு பங்கைத் தொடும். ஆகவே சிறிய அறையில் பார்வையாளரைத் தொட்டியின் ஓரத்தில் நிறுத்தாமல் தள்ளி உட்கார வையுங்கள், அல்லது தொட்டியை இடுப்புயரத்துக்கு ஏற்றுங்கள். அடிப்பரப்பு மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஓவியத்தின்மேல் மட்டும் விழ வேண்டும், நீரின்மேல் அல்ல.

நீர்ப்பரப்பில் ஒரே நாளில் தூசிப்படலம் படியும். பரப்பின் அகலத்துக்கு ஒரு செய்தித்தாளை விரித்து மெதுவாக இழுத்தெடுத்தால் படலம் அதோடு வந்துவிடும். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. தொட்டியின் கீழ் ரப்பர் பட்டை வைத்தால் காலடி அதிர்வு குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், இல்லையேல் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். வாரம் ஒருமுறை முழுதாக மாற்றினால் பாசியும் கொசுவும் அண்டாது. விளக்குகள் 12 வோல்ட், இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். இதில் சமரசம் வேண்டாம்.

அசையாத, அப்பழுக்கற்ற பிரதிபலிப்புதான் வேண்டுமென்றால் நீர் அதற்கு ஏற்ற பொருளே இல்லை. 1987இல் பிரிட்டிஷ் சிற்பி ரிச்சர்ட் வில்சன் ஓர் அறையை இடுப்புயரத்துக்குப் பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயால் நிரப்பினார். கறுப்பு, கனம், எளிதில் அலை எழும்பாது.

கேள்வி: கண்ணாடிபோல் தெளிவான பனிக்கட்டி எப்படி வார்ப்பது? கொதிக்க வைத்த நீர் போதுமா?

பதில்: போதாது. உறையும் நீர் காற்றையும் உப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்தால் அவை நடுவில் சிக்கி வெண்மையாகும். வெப்பம் கடத்தாத பெட்டியில், மூடி இல்லாமல், ஃப்ரீசருக்குள் வையுங்கள். மேலிருந்து கீழாக மட்டும் உறையும். மூன்றில் இரண்டு பங்கு உறைந்ததும் எடுத்து, அடியில் மிச்சமுள்ள நீரைக் கொட்டிவிடுங்கள். வெளியே எடுத்த கட்டியின் மேல்பனி மறைந்து பளபளப்பு வரும்வரை அறுக்காதீர்கள், விரிசல் விடும். 10 கிலோ கட்டி 10 லிட்டர் நீராகும். அதற்கேற்ற தட்டு கீழே இருக்கட்டும்.

தெளிவுதான் எப்போதும் வேண்டும் என்பதும் இல்லை. கலைஞர் ஓலஃபூர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் 2014இல் கோபன்ஹேகனிலும் 2015இல் பாரிஸிலும் கிரீன்லாந்துப் பனிப்பாறைகள் 12ஐ வட்டமாக வைத்து உருகவிட்டார்கள். பழைய பனிக்குள் அழுத்தத்தில் அடைபட்ட காற்றுக்குமிழிகள் உருகும்போது படபடவென்று வெடிக்கும். காது வைத்துக் கேட்கலாம். வீட்டில் வார்த்த கட்டியில் அது கிடைக்காது.

கேள்வி: மூடுபனிச் சிற்பம் என்கிறார்களே, அது உலர்பனிப் புகையா?

பதில்: இல்லை, வெறும் நீர். ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் இயற்பியலாளர் தாமஸ் மீயோடு சேர்ந்து செய்த முறை: தூய நீரை மிக அதிக அழுத்தத்தில் நுண்துளை முனைகள் வழியே பீய்ச்சினால் இயற்கை மூடுபனி அளவிலான துளிகளாகச் சிதறும். உருவத்தைக் காற்றும் ஈரப்பதமும் தீர்மானிக்கும். உலர்ந்த நாளில் சில மீட்டரிலேயே ஆவியாகிவிடும். சிறிய அளவில் செய்ய அல்ட்ராசோனிக் மூட்டக் கருவி போதும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், தினமும் காலி செய்து உலர்த்துங்கள். தேங்கிய நீரின் கிருமிகளைப் பார்வையாளர் சுவாசிக்கக் கூடாது. படமெடுக்கும்போது ஒளி மூட்டத்தின் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரட்டும், பின்னணி இருட்டாக இருக்கட்டும். முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைச் சுவர்தான்.

கேள்வி: கண்ணுக்குத் தெரிந்த வானவில் படத்தில் இல்லை!

பதில்: போலரைசர் மாட்டியிருந்தீர்களா? வானவில்லின் ஒளி தளவிளைவுற்றது, அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வது. ஒரு கோணத்தில் போலரைசர் அதை அழித்துவிடும், 90 பாகை திருப்பினால் இன்னும் அழுத்தமாகக் காட்டும். முழு வில்லும் வேண்டுமென்றால் ஃபுல் ஃப்ரேம் (36க்கு 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 20 மி.மீ.க்கும் அகலமான லென்ஸ் தேவை. சூரியன் முதுகுக்குப் பின்னால், 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நின்று வானத்தில் தேடிப் பயனில்லை; உயரத்திலிருந்து கீழே அருவித் தூவானத்தைப் பாருங்கள்.