8 மணி நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குவது ஏன்? தூக்க மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுவதாகவும், இடையில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தாலும் உடனே மறுபடியும் உறங்கிவிடுவதாகவும், ஆனால் அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பின் கணினியின் முன்னாலேயே கண்ணயர்ந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 44 வயதில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதையும், தனி அறையில் உறங்குவதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தூக்க மாத்திரை பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வேண்டாம். நான் மருத்துவன் அல்லன். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காகச் சில ஆண்டுகளாக முகத்தில் காற்றழுத்தக் கருவியைப் பொருத்திக்கொண்டு உறங்குபவன். ஆகவே இந்த ஒரு நோயைப் பற்றிக் கூடுதலாகவும் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

உங்களுக்கு இருப்பது அசதியா, தூக்கமா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உடல் ஓய்ந்துபோய், எதிலும் மனம் செல்லாமல், ஆனால் மதியம் படுத்தாலும் உறக்கம் வராமல் புரள்பவர் ஒரு வகை. பேருந்தில் அமர்ந்த மாத்திரத்தில், கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கையில், தன்னையறியாமல் உறங்கிவிடுபவர் இன்னொரு வகை. இதை அளப்பதற்கென்றே மெல்போர்னைச் சேர்ந்த மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் எப்வொர்த் அளவுகோலை வெளியிட்டார். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணியாக ஒரு மணி நேரம் செல்லும்போது என எட்டுச் சூழல்களைத் தந்து, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொல்லும் தாள் அது. மொத்தம் 24இல் 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் இயல்புக்கு மேற்பட்டது என்று கொள்கிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாம் வகையில்தான் வருவீர்கள் என்று தோன்றுகிறது. முதல் வகைக்குச் செய்யும் வைத்தியம் இரண்டாம் வகைக்குக் கேடாக முடியலாம்.

உறக்கம் எப்போது வரும் என்பதை இரண்டு விசைகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை ஜூரிச்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்தார். விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேர்ந்து உறக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போவது ஒன்று. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு நாளைக் கணக்கிடும் மூளையின் உட்கடிகாரம் மற்றொன்று. காப்பி அடினோசினை அழிப்பதில்லை, அது போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. அதனால் காப்பியின் வேகம் தணிந்ததும் சேர்ந்திருந்த தூக்கம் மொத்தமாக வந்து அழுத்துகிறது.

உறங்கிய பிறகும் மூளை ஒரே நிலையில் கிடப்பதில்லை. மெல்லிய உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்மணிகள் விரைந்தசையும் கனவு உறக்கம் என்று சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக இரவு முழுவதும் போய் வருகிறது. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு முன்னிரவிலும், கனவு உறக்கத்தின் பெரும்பங்கு விடியற்காலையிலும் அமைகின்றன. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடப்பது இந்தச் சுற்றுகள் முறையாக நடந்தன என்பதற்கு உறுதியாகாது. சில வினாடிகளே நீளும் விழிப்புகள் இரவில் நூற்றுக்கணக்கில் நேர்ந்தாலும் காலையில் அவற்றில் ஒன்றுகூட நினைவில் இராது.

அப்படி உறக்கத்தைத் துண்டாடும் நோய்களில் பரவலானது ஸ்லீப் ஆப்னியா, அதாவது எனக்கிருக்கும் மூச்சுத் தடை நோய். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. தொண்டை இயல்பிலேயே குறுகலாக இருப்பவருக்கு, இளநீர்க் குழாயை வேகமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வதைப் போல, மூச்சை உள்ளிழுக்கும்போது காற்றுவழி ஒட்டிக்கொள்கிறது. பத்து வினாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுகிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை திடுக்கிட்டுத் தசைகளை இறுக்க, பெரிய குறட்டையுடன் மூச்சு மீள்கிறது; மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. மூச்சு நிற்பதும் குறைவதுமான இந்நிகழ்வுகள் மணிக்கு 5க்கு மேல் என்றால் நோய் தொடங்கிவிட்டது, 15க்கு மேல் நடுத்தரம், 30ஐ எட்டினால் கடுமை. பருமனானவர்களுக்கு இது அதிகம் என்பது உண்மையே. ஆனால் தாடை அமைப்பின் காரணமாக ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது, அவர்களில் பலர் குறட்டையைவிடக் களைப்பையே முதன்மையாகச் சொல்வதால் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

நீங்கள் இரவில் சிறுநீருக்கு எழுவதாக எழுதிய வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. தொண்டை அடைத்திருக்கையில் மார்பு மூச்சிழுக்கப் போராடும்போது மார்புக்குள் எதிரழுத்தம் உண்டாகி இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாக உணரும் இதயம், உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் இயக்குநீரை (ஹார்மோனை) சுரக்கிறது. எனக்கும் இது இருந்தது. சர்க்கரைப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்தன. நெடுநாள் குடும்ப மருத்துவர் ஒருவர்தான் "இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறோம், காலையில் தலைவலி உண்டா?" என்று கேட்டுவிட்டு, என்னை நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினார். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், விடியற்காலைத் தலைவலி, வாய் வறட்சி ஆகியவையும் இந்நோயின் அடையாளங்களே.

தூக்க மாத்திரைக்கும் மதுவுக்கும் இந்நோயாளி அஞ்ச வேண்டியது இதனால்தான்: பல தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்துவதோடு, மூச்சை மீட்டுத் தரும் அந்தத் திடுக்கிடலையும் தாமதப்படுத்துகின்றன.

சிகிச்சையின் கதை சுவையானது. கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழியாக இருந்த காலத்தில், சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று ஐந்து நோயாளிகளிடம் காட்டி, 1981இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். இன்றைய சிபேப் கருவி அதன் வழித்தோன்றல். முதல் சில வாரங்கள் முகமூடி உறுத்தும், மூக்கு வறளும், மின்சாரம் போனால் கருவி நின்று எழுப்பிவிடும் (எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் இப்போது மின்விசிறிக்கு முன்பாக இதற்குத்தான்). பொறுத்துக்கொண்டால் பலன் தெரியும். எனக்கு முதலில் நின்றது இரவுச் சிறுநீர்தான். எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், கீழ்த்தாடையை முன்தள்ளும் பல் கருவி ஆகியவை இலேசான நிலையில் உதவும். பருமனோடு கூடிய நடுத்தர, கடும் நோய்க்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது.

இனி, முதல் வகையைப் பற்றி. படுத்தால் உறக்கம் வராமை வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். மூளை ஓயாமல் விழிப்பு நிலையில் இருப்பதே அதன் கோளாறு. அதற்கும் மாத்திரை முதல் மருந்தன்று. சிந்தனை-நடத்தைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பு 2016இல் அறிவுறுத்தியது. அதன் முக்கிய உத்தி கேட்பவருக்குப் பிடிக்காது: எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே உறங்குபவர், படுக்கும் நேரத்தையே ஏறக்குறைய ஐந்தரை மணியாகக் குறைத்து, உறக்கம் ஒன்றுசேர்ந்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பகலில் தூங்கி வழிபவர் இதைத் தானாகச் செய்து பார்ப்பது ஆபத்து.

மாலையானதும் கால்களில் ஏதோ ஊர்வது போன்று, அசைத்தால் மட்டும் தணிகிற அவஸ்தை இருந்தால் அது வேறு நோய். இரும்புச் சத்துக் குறைவு அதற்கு முக்கியமான காரணம் என்பதால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் அதைக் கூட்டிவிடும். இளவயதிலேயே அடக்க முடியாத தூக்கம் வந்து, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டுவிழுகிறது என்றால் நார்கோலெப்சியை நினைக்க வேண்டும். விழிப்பைத் தாங்கும் ஓரெக்சின் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் அது வருகிறது. உங்களுக்கு இரண்டுமே பொருந்தவில்லை.

நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ சென்று ஸ்லீப் ஸ்டடி (உறக்கப் பரிசோதனை) வேண்டுமா என்று கேளுங்கள். மூச்சோட்டத்தையும் ஆக்சிஜனையும் பதியும் சிறு கருவியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு உறங்கும் வகையும் உண்டு. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் மூளை அலையையும் பதியும் முழுப் பரிசோதனை செய்வார்கள். முடிவு தெரியும் வரை நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். குறட்டையைக் கேட்டுச் சொல்ல அறையில் ஆளில்லாததால், சில இரவுகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, குறட்டை திடீரென நின்று சில வினாடிகள் கழித்துப் பெருமூச்சோடு திரும்பும் இடங்களைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.