ஈயச் சட்டி ஏன் வெடித்தது?

கேள்வி: பழைய வலையில் கழற்றிய ஈயக்குண்டுகளை கேஸ் டார்ச்சால் உருக்கிப் புதிதாக வார்க்கிறேன். வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போட்டேன். போன வாரம் படாரென்று வெடித்துச் சிதறிவிட்டது. டார்ச்சின் சூடு அதிகமா? பழைய பேட்டரித் தகடு மலிவாகக் கிடைக்கிறது, உருக்கலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: வெடித்தது சூட்டால் அல்ல, ஈரத்தால். ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தக் குழம்புக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினாலும் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். மேலே கிடக்கிற ஈயத்தையும் வாரி இறைத்துவிடும். உங்கள் குண்டின் துளைக்குள் ஒரு ஆணியை விட்டுக் குடைந்து பாருங்கள். நைந்த நூலும் உப்பும் அடைத்திருக்கும். பகலில் காய்ந்த உப்பு ராத்திரி கடற்காற்றில் மறுபடி கசிந்துவிடும். எத்தனை நாள் காயவைத்தாலும் இதே கதைதான்.

அதனால் பழைய குண்டுகளை ஆறிய சட்டியில் மொத்தமாகப் போட்டு, அதன் பிறகு டார்ச்சைப் பற்றவையுங்கள். உருகிய ஈயத்தில் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். விலக்கு ஒன்று உண்டு: துளை, மடிப்பு, வெடிப்பு எதுவும் இல்லாத சுத்தமான கட்டி. அதையும் இடுக்கியில் பிடித்து, சட்டிக்கு வெளியே டார்ச் தீயில் எல்லாப் பக்கமும் சுட்டு, பிறகே மெதுவாக இறக்க வேண்டும். மடித்த ஈயத்தகடு இந்தக் கணக்கில் வராது. மடிப்புக்குள் ஈரம் நிற்கும்.

கரண்டிக்கும் அச்சுக்கும் இதே கவனம் வேண்டும். குளிர்ந்த அச்சில் தீயைக் காட்டியதும் முதலில் வியர்க்கும். கேஸ் எரியும்போதே நீராவி வருகிறது. அந்த வியர்வை மறைந்து, அச்சு கை வைக்க முடியாத அளவு சுடும்வரை காட்டுங்கள்.

தீயை ஈயத்தின் மேல் நேராக ஊதாதீர்கள். கசடும் புகையும்தான் கூடும். இரும்புச் சட்டியின் பக்கத்தை முதலில் சூடாக்கி, பிறகு அடிக்குப் போங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், டார்ச் அதை ஓட்டை போட்டுவிடும். இரும்பு மங்கலாகச் சிவந்தாலே 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே தீயை எடுங்கள்.

பேட்டரித் தகடா? வேண்டவே வேண்டாம். அதில் பாதிக்கு மேல் ஈய ஆக்சைடும் சல்பேட்டும் அமிலமும் கலந்த பசை. டார்ச்சில் அது ஈயமாகாது, நச்சுத் தூளாகும். தகட்டின் மீதிக் கம்பி வலையில் ஆன்டிமனி, ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கலாம்; அந்தக் கசடில் ஈரம் பட்டால் வரக்கூடிய வாயு ஆளையே கொல்லும். பழைய இரும்புக் கடைக்காரர் “எல்லாம் ஈயம்தான் தம்பி” என்பார். அவருக்கு எடைதான் கணக்கு. கட்டியாக வார்த்து விற்றாலும் ஏமாறாதீர்கள்: நல்ல ஈயத்தில் நகத்தால் கீறினால் தடம் விழும், வளைத்தால் வளையும். பட்டென்று முறிந்தால் திருப்பிக் கொடுங்கள். வண்டிச் சக்கர விளிம்பில் மாட்டும் எடைக்கட்டிகளை வாங்கினால், அவற்றில் துத்தநாகக் கட்டிகளும் கலந்திருக்கலாம். துத்தநாகம் 420 டிகிரியில்தான் உருகும் என்பதால் முதலில் மிதக்கும், அப்போதே கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

பழைய பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ புதுப்பிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ சேர்க்க வேண்டும் என்கிறது 2022 பேட்டரிக் கழிவு விதி. சரிதான். அதற்காகத் தொண்டியில் இருப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் அடிக்க, கண்ணாடியும் தோல் கையுறையும் மூடிய செருப்பும் போட்டுச் செய்யுங்கள். சட்டி விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாகத் தொங்கவிடுங்கள். மீன் குழம்பு வைக்க அது அடுப்பங்கரைக்குத் திரும்பக் கூடாது.